முகச்சுவர்க் கொத்தனார்

மேட்டுத் தெருவில் வந்து கொத்தனார் வீடு எது என்று கேட்டால், எந்தக் கொத்தனார் என்று திருப்பிக் கேட்பார்கள். முகச்சுவர் வீடு எது என்று கேட்டால் போதும், பேசுகிற பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டிக் காட்டுவார்கள். அந்த முகச்சுவர்தான் என் மச்சான். என் பெரியப்பாவுக்கு இரண்டாம் தாரத்தில் பிறந்த ஒரே மகளைக் கட்டியவர். பெரியப்பா வீட்டு அடுப்படிச் சுவரைப் பூச வந்தவர் அவர். ஒரு சுவரைப் பூச ஒருத்தனுக்கு இத்தனை நாள் பிடிக்குமா என்று பெரியம்மாவுக்குச் சந்தேகம் தட்டியபோது காரியம் கைமீறிப் போயிருந்தது. "சுவரு இன்னும் காயலைங்க" என்பாராம் தினமும். அக்காதான் யாரும் இல்லாத நேரத்தில் தண்ணீர் தெளித்துத் தெளித்து அந்தச் சுவரை ஈரமாக வைத்திருந்தாள் என்று பிற்பாடு தெரிந்தது.

அவருடைய ஆட்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அப்பா கல் உடைக்கிறவர். அண்ணன் பக்கத்து ஊரில் கிணறு வெட்டும்போது மண் சரிந்து உள்ளேயே போனார். தம்பி கப்பல் வேலைக்குப் போனான். கொஞ்ச காலம் படம் அனுப்பினான், அப்புறம் படமும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் அந்தக் குடும்பத்தில் மண்ணையும் நம்ப மாட்டார்கள், தண்ணீரையும் நம்ப மாட்டார்கள். மச்சான் நம்பியது சுவரை மட்டும்தான். சட்டைப் பையில் மற்றவர்கள் சீப்பு வைத்திருப்பார்கள், இவர் தூக்குக்குண்டு வைத்திருப்பார். நூலில் கட்டிய பித்தளைக் குண்டு. விருந்துக்குப் போன வீட்டில்கூட, சாப்பிட்டுக் கையைத் துடைத்ததும், சுவர் நேராக நிற்கிறதா என்று அதைச் சுவரோரம் தொங்கவிட்டுப் பார்ப்பார். "இந்த மனுஷனை எங்கேயும் கூட்டிட்டுப் போக முடியலை" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

மேட்டுத் தெரு என்பது ஒரே ஒரு வரிசை வீடுகள். வாசல் தெருவைப் பார்க்கும், கொல்லை கடலைப் பார்க்கும். கொல்லை முடிகிற இடத்தில் தரையும் முடிந்துவிடும். எட்டிப் பார்த்தால் நேர்க்குத்தாகப் பள்ளம். அத்தனை ஆழத்தில் அலை வந்து மோதுவது கண்ணுக்குத் தெரியும், சத்தம் பிறகுதான் மேலே ஏறி வரும். வெளியூர்க்காரர்கள் வந்து நின்று வாயைப் பிளப்பார்கள். எங்களுக்கு அது பின்பக்கம், அவ்வளவுதான். பாறை என்று பேரே தவிர, நகத்தால் சுரண்டினால் நமத்துப்போன ரொட்டி மாதிரி உதிரும்.

தெருக்கோடியில் ஒருத்தர் அடுக்குமாடி லாட்ஜ் ஒன்றைக் கிளப்பினார். கடலிலிருந்து பார்த்தால் பொக்கை வாயில் ஒற்றைப் பல் மாதிரி இருக்குமாம். அதற்குப் பிறகுதான் அரசாங்கத்துக்குக் கண் திறந்தது. விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி வரிசையாக வெள்ளைக் கல் நட்டார்கள். எங்கள் வீடுகள் எல்லாம் கல்லுக்கும் கடலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. அங்கே புதிதாக ஒரு கோழிக்கூடுகூடக் கட்டக் கூடாது. பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம், ஆனால் உயரம் ஏறக் கூடாது. கடலைப் பார்த்த சுவர் இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும். அந்தச் சுவரை இடித்தாலோ, அது தானாகவே விழுந்தாலோ, அந்த வீடே இல்லை என்று கணக்கு. திரும்ப அங்கே கல்மேல் கல் வைக்க முடியாது. சுவருக்குச் சாயம்கூடப் பாறை நிறத்தில்தான் அடிக்க வேண்டும் என்றார்கள்.

"நல்லதுதான்" என்றாள் அக்கா. "கடல் வழியா திருடன் வந்தா, வீடு எங்கேன்னு தேடித் தேடி அலுத்துப் போயிடுவான்."

இதையெல்லாம் சரிபார்க்க ஆபீசிலிருந்து ஒரு அம்மா வருவார். மழைக்காலம் முடிந்ததும் படகில் ஏறி, பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டின் கடல்பக்கத்தையும் படத்தோடு ஒத்துப் பார்ப்பார். அந்த அம்மாவுக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. ஒரு கையில் படம், ஒரு கையில் வாந்திப் பை. படகம்மா என்றே பேர் விழுந்துவிட்டது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யாரிடமும் ஒரு வாய் தேநீர் வாங்கிக் குடித்தவர் இல்லை.

மச்சானுக்கு முகச்சுவர் என்று பேர் வந்தது பக்கத்து வீட்டுக்காரரால். அவரை நாங்கள் மாடிக்காரர் என்போம். மாடி கிடையாது, மாடி வேண்டும், மாடி வேண்டும் என்று வாலிபத்திலிருந்து புலம்பியே அந்தப் பேரை வாங்கியவர். வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விட வேண்டும் என்று அவருக்கு ஆசை. சட்டம் வந்ததும் ஆளே ஒடிந்து போனார். மச்சான் அவருடைய கொல்லையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"அந்தம்மா எதைப் பாக்குறாங்க?" என்று கேட்டார்.

"கடல்பக்கச் சுவரை."

"சுவருக்குப் பின்னாடி?"

"படகிலேருந்து பின்னாடி எப்படித் தெரியும்?"

"அப்போ முகத்தை விட்டுடுவோம். மத்ததை மாத்திடுவோம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. கடல் பார்த்த பழைய சுவருக்கு உள்பக்கம் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, பாக்கி மூன்று சுவரையும் இடித்து, புதுத்தூண் எழுப்பி, காங்கிரீட் போட்டார். மேலே ஏறக் கூடாது என்றதால், தரையைத் தோண்டி மாடியைக் கீழே இறக்கிக் கொடுத்தார். மாடிக்காரருக்குக் கடைசியில் மாடி கிடைத்தது, நிலவறையாக. கடலிலிருந்து பார்த்தால் அதே கிழட்டு வீடு, அதே கோணல் சன்னல், அதே உதிர்ந்த பூச்சு. கதவைத் திறந்து உள்ளே போனால் வழுக்குகிற தரை, குழாயில் வெந்நீர்.

படகம்மா வந்தார். படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சரி என்று போய்விட்டார். அடுத்த மாதமே தெருவில் எல்லோருக்கும் வீடு பழுதாகிவிட்டது.

"இது தப்பில்லையா மச்சான்?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"சட்டத்தை மீறிக் கட்டினாத்தான் மாப்ள தப்பு. நான் சட்டத்துக்குப் பின்னாடி கட்டுறேன்."

"உங்க மச்சானும் அதே வேலைதான் தம்பி" என்றாள் அக்கா. "முகம் மட்டும்தான் பழசு. தொந்தி புதுசு."

அந்தச் சமயத்தில்தான் அவர்களுடைய மகள் திரும்பி வந்தாள். ஒரே மகள். வெளியூரில் லாரி ஓட்டுகிறவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. ஒரு பெட்டியும், இடுப்பில் பெண்குழந்தையுமாக வாசலில் வந்து நின்றாள். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. இடது காதுப் பக்கம் முடியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு கேட்க என்ன இருக்கிறது? அவள் சொன்னது ஒன்றுதான்.

"அப்பா, அந்த வீட்டுல தினமும் 'எந்திரி, வெளியே போ'ன்னு சொல்வாங்கப்பா. எனக்கு யாரும் 'எந்திரி'ன்னு சொல்லாத ஒரு இடம் வேணும்."

மச்சான் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். "இந்த வீடு உனக்குத்தான். நான் செத்தாலும் உன்னை எவனும் எந்திரின்னு சொல்ல மாட்டான்" என்றார். அதிகம் பேசாத மனுஷன். ஒரு வார்த்தை சொன்னால் அதைச் சுவர் மாதிரி நிறுத்துகிறவர்.

தன் வீட்டின் மூன்று சுவர்களையும் இடித்தது அப்போதுதான். மகளுக்கும் பேத்திக்கும் ஒரு அறை. கடல் பார்த்த சுவரையொட்டி ஒரு துவைக்கும் அறை. லாட்ஜுகளின் போர்வை, தலையணை உறை, துண்டு எல்லாம் எடுத்து வெளுத்துக் கொடுப்பது என்று தாயும் மகளும் தொழில் ஆரம்பித்தார்கள். நாள் முழுக்கத் தண்ணீர் ஓடியது. பழைய சுவரில் ஒரு ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார். சோப்புத் தண்ணீர் நேரே பாறைமேல் விழுந்து கடலுக்குப் போனது. கொல்லையில் கயிறு கட்டிப் போர்வைகளைக் காயப்போட்டார்கள்.

அடுத்த முறை படகம்மா, படகிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். முகம் வெளுத்து, காலணி நனைந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, உங்க வீட்டுக்குக் கீழே பாறையில பச்சையா ஒரு கோடு இறங்குது. படத்துல அது இல்லை."

"பாசிம்மா. மழை பெஞ்சா வரும்."

"மழை உங்க வீட்டுக்கு மட்டும் தனியா பெய்யுதா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சான் முறைத்தார்.

"குழாயை எடுத்துடுங்க. தண்ணியைத் தெருப்பக்கம் திருப்பி விடுங்க."

"தெரு மேடு, கொல்லை பள்ளம். தண்ணி எப்படிம்மா ஏறும்?"

"அது உங்க பாடு. பாறையில கோடு தெரியக் கூடாது. அப்புறம், கொல்லையில இந்த வெள்ளைத் துணியெல்லாம் காயப்போடாதீங்க. கடல்லேருந்து பாத்தா கண்ணைப் பறிக்குது."

"லாட்ஜுல வெள்ளைப் போர்வைதான் கேக்குறாங்க" என்றாள் மகள். "வேணும்னா பாறை நிறத்துல வெளுத்துத் தரோம்னு சொல்லிப் பாக்கவா?"

படகம்மா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "நான் எழுதிட்டா வீடு போயிடும்மா. எழுத வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து துணி தெருப்பக்கம் காய்ந்தது. குழாயை மச்சான் பிடுங்கினார், ஓட்டையைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைத்தார், பூச்சுக்குச் செம்மண் கலந்து படத்தில் இருந்தபடியே நிறம் கொண்டுவந்தார். தண்ணீருக்கு என்ன செய்வது? துவைக்கும் கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு குழி வெட்டினார். அடியில் ஜல்லி போட்டு, மேலே பலகைக்கல் மூடினார். எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிடும். ஒருநாளும் நிரம்பியதில்லை. "இது குழி இல்லை மாப்ள, யானை வயிறு" என்று என்னிடம் பெருமையாகக் காட்டினார்.

ஒரு மழைக்காலம் போனது. பச்சைக் கோடு காய்ந்து உதிர்ந்துவிட்டது. படகம்மா தெரு வழியாகப் போகிறபோது நின்று, "இப்போ பாறை சுத்தமா இருக்கு. தண்ணி எங்கே போகுது?" என்று கேட்டார்.

"மண்ணுக்குள்ளம்மா."

"ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

பச்சைக் கோடு விழுந்த மற்ற வீட்டுக்காரர்களும் மச்சானைத்தான் கூப்பிட்டார்கள். மாடிக்காரர் வீட்டு நிலவறை, குளியலறை என்று எல்லாத் தண்ணீருக்கும் ஒரு குழி. வரிசையாகக் குழிகள், எல்லாமே கடல்பக்கச் சுவருக்கு உள்பக்கம். தெருப்பக்கம் வெட்டினால் போகிறவர் வருகிறவர் கண்ணில் படும் என்று ஒருவரும் சம்மதிக்கவில்லை.

வருடங்கள் போயின. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். ஒருநாள் அக்கா சொன்னாள்: "என்னங்க, கடல்பக்கச் சன்னலு கொண்டி மாட்ட மாட்டேங்குது."

"ஆசாரி அளவை விட்டுட்டான்" என்று மச்சான் சன்னல் கதவின் ஓரத்தை இழைத்துவிட்டார்.

அடுத்த வருடம் மறுபடி மாட்டவில்லை. மறுபடி இழைத்தார். சுவரில் மூலையோரம் மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல் வந்தது. சுண்ணாம்பு வைத்து அடைத்துப் பாறை நிறம் பூசினார். விரிசல் திரும்ப வந்தது. நான் போயிருந்த ஒரு மத்தியானம், தூக்குக்குண்டைத் தொங்கவிட்டபடி துவைக்கும் அறையில் நின்றுகொண்டிருந்தார். நூலுக்கும் சுவருக்கும் நடுவில் என் உள்ளங்கை நுழையும் போல இருந்தது. சுவர் கடல் பக்கம் சாய்ந்திருந்தது.

"இதை இறக்கிட்டுப் புதுசா கட்ட வேண்டியதுதானே மச்சான்?"

"இறக்கினா வீடு போச்சே மாப்ள" என்றார். "அவளுக்குன்னு சொல்லியிருக்கேனே."

வேறு எந்த ஊர்க் கொத்தனாராக இருந்தாலும் அன்றைக்கே கடப்பாரையை எடுத்திருப்பான். எங்கள் தெருவில் மட்டும் இருப்பதிலேயே கிழட்டுச் சுவரைத்தான் பத்திரமாகக் காப்பாற்றினோம். அது நின்றால்தான் வீடு. மச்சான் இன்னொரு கை பூச்சு பூசினார். அன்று அவருக்கு மனசு சரியில்லை. சாப்பிட்டு எழுந்ததும் மறுபடி அந்தச் சுவரிடம்தான் போனார்.

அது நடந்தது மழையெல்லாம் விட்டு நன்றாக வெயில் அடித்த ஒரு நாள். மகள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு லாட்ஜுக்குப் போர்வை கொடுக்கப் போயிருந்தாள். அக்கா துவைக்கும் அறையில் இருந்தாள். மச்சான் நாலு வீடு தள்ளி ஒரு வாசற்படிக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இடி மாதிரியெல்லாம் சத்தம் வரவில்லை. லாரியிலிருந்து மணலைச் சரிக்கிற மாதிரி ஒரு சத்தம். நீளமாக, சாவதானமாக.

"யாருக்கு மணல் வந்திருக்கு?" என்றார் மச்சான், பூச்சுக் கரணையை நிறுத்தாமலே.

தெருவில் லாரி இல்லை.

கரணையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினார். நான் பின்னாலேயே போனேன். வாசலில் ஒரு குறையும் இல்லை. கயிற்றில் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. கதவு சாத்தியிருந்தது. கூடத்தில் பேத்தியின் நோட்டும் பென்சிலும் வைத்தது வைத்தபடி இருந்தன. அவர் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே துவைக்கும் அறையின் கதவைத் திறந்தார்.

கடல் இருந்தது.

சுவர் இல்லை, துவைக்கும் கல் இல்லை, குழி இல்லை, தரை இல்லை. நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வெறும் வெளிச்சம். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் கையில் கதவின் கைப்பிடி இருந்தது, அதை விடவே இல்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

கீழே மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்கள், பாறைமேல் வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, காற்றுக்குத் துணி பறந்து வந்துவிட்டது என்று முதலில் நினைத்தார்களாம். லாட்ஜின் போர்வை ஒன்றிலேயே சுற்றி அக்காவைக் கொண்டு வந்தார்கள்.

அடக்கம் ஆன மறுநாளே மாடிக்காரர் வந்தார். பின்னால் தெருவே வந்தது. துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆரம்பித்து, மெதுவாக விஷயத்துக்கு வந்தார்கள்.

"அண்ணே, மனசைக் கல்லாக்கிக்கோங்க" என்றார் மாடிக்காரர். "படகு வர இன்னும் நாள் இருக்கு. கூடத்துச் சுவரு நிக்குது. அதையொட்டிக் கடல் பாத்த மாதிரி ஒரு சுவரை எழுப்பிடலாம். கீழே விழுந்த பழைய கல்லையே பொறுக்கிட்டு வரோம். நிறம் உங்களுக்குத் தெரியாததா? நாங்க எல்லாரும் கை குடுக்கறோம்."

மச்சான் சாத்தியிருந்த துவைக்கும் அறைக் கதவைப் பார்த்தார்.

"இல்லேன்னா அந்தம்மா வந்து எழுதிட்டுப் போயிடும். உங்க பொண்ணு எங்கே போவா?"

"அதோட, இங்கே வந்து மூக்கை நுழைச்சா எங்க வீட்டுக்கும் வருவாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. யாரோ உஸ் என்று அடக்கினார்கள்.

மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த குரலில், "கட்டுங்கப்பா" என்றாள்.

"அம்மா போன இடம்மா."

"அம்மா போயாச்சு. எனக்குப் போக இடம் இல்லை. கட்டுங்க."

அவர் கரணையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தோம். "கல்லு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரேன்" என்று சுற்றுப்பாதை வழியாகக் கடற்கரைக்கு இறங்கினார். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். அந்த மேட்டிலேயே ஆயுசைக் கழித்தவர், கொல்லையிலிருந்து கீழே பார்த்திருக்கிறாரே தவிர, கீழே நின்று மேலே பார்த்ததில்லை. எங்களில் யாரும் பார்த்ததில்லை. அங்கே யாருக்கு என்ன வேலை?

உருண்டு கிடந்த பாறைகளைத் தாண்டி அடிவாரத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தோம். மேலே வரிசையாக எங்கள் வீடுகளின் முகங்கள், படத்தில் இருப்பது மாதிரியே. அதற்குக் கீழே, படகிலிருந்து பார்த்தால் இந்தப் பாறைகள் மறைத்துவிடுகிற உயரத்தில், ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக ஒரு கறுப்பு ஈரம் இருந்தது. வரிசையாக. சில இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. மாடிக்காரர் வீட்டுக்கு நேர் கீழே ஆள் நுழைகிற அளவுக்குக் குடைந்து போயிருந்தது.

மச்சான் ஒரு சொட்டைக் கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தார். என்னிடம் நீட்டினார். சோப்பு வாசனை.

கல் பொறுக்கவில்லை. அங்கிருந்தே, ஈரக் காலோடு, பஸ் ஏறி ஆபீசுக்குப் போனோம்.

படகம்மா எழுந்து நின்று துக்கம் விசாரித்தார். அப்புறம், எப்படிச் சொல்வது என்று தெரியாதவர் போல, "உங்க வீட்டுக்கு விலக்கு கேட்டு நானே எழுதறேன். ஆனா கிடைக்காதுங்க ஐயா. சுவரு விழுந்தா வீடு இல்லைன்னுதான் சட்டம்" என்றார்.

"அதுக்கு வரலைம்மா. மத்த வீட்டுல இருக்கறவங்களை முதல்ல இறக்குங்க."

ஒவ்வொரு வீடாகச் சொன்னார். எதற்குப் பின்னால் என்ன கட்டியிருக்கிறது, எங்கே குழி, எந்தச் சுவர் சாய்கிறது. எல்லாம் தன் கையால் செய்தது என்பதால் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தக் குழியெல்லாம்... குழாயை எடுங்கன்னு நான் சொன்னப்புறம் வெட்டினதா?"

"ஆமாம்மா."

மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். தம்ளரை வைக்க இடம் தேடுகிறவர் மாதிரி கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மறுபடி எழுத ஆரம்பித்தார்.

அந்த வாரமே தெருவைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. சாமானைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறபோது ஒவ்வொருவரும் மச்சான் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். மாடிக்காரர் அலமாரியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்க நின்று, "பொண்டாட்டியை முழுங்கினது போதாதா? தெருவையே முழுங்கிட்டியேடா" என்றார். அதுவரை ஒருநாளும் டா போட்டவர் இல்லை. மச்சான் அலமாரியின் இன்னொரு முனையைப் பிடிக்கப் போனார். "தொடாதே" என்றார் அவர்.

வீடுகளை இடிக்க வெளியூர் ஆட்கள் வந்தார்கள். விளிம்பைப் பார்த்ததும் பாதிப் பேர் வேலையே வேண்டாம் என்று போய்விட்டார்கள். மச்சான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். முதலில் தன் வீட்டில் மிச்சம் நின்றதை இடித்தார். பிறகு மற்ற வீடுகளின் முகச்சுவர்களை, ஒவ்வொன்றாக, கல் கடலுக்குப் போகாமல் உள்பக்கமாகச் சாய்த்தார். முட்டுக்கொடுத்து நிறுத்தியபோது எவ்வளவு பதனமாக நிறுத்தினாரோ அவ்வளவு பதனமாக.

குழிகள் காய்ந்தன. ஈரம் போனது. அதற்குப் பிறகு எத்தனையோ மழை பெய்தும் அந்த மேட்டில் ஒரு பிடி மண் சரியவில்லை. அதுதான் அவருக்கு வந்த கேடு. ஒரு வீடாவது தானாக விழுந்திருந்தால் பத்துப் பேர் உயிர் அவரால் தப்பியது என்று சொல்லியிருப்பார்கள். விழுவதற்கு வீடே இல்லாமல் போனதால், விழாத வீட்டை விழும் என்று சொல்லி இடிக்கவைத்தவன் என்ற பேர்தான் நிலைத்தது. கடைத்தெருவில் அவரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போவார்கள். அப்புறம் யாரும் அவருக்கு ஒரு செங்கல் வேலைகூடக் கொடுக்கவில்லை.

இப்போது அங்கே கம்பி வேலி போட்டு, புல் வளர்த்து, உட்காரப் பலகை போட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். தெருக்கோடி லாட்ஜ் மட்டும் அப்படியே நிற்கிறது. அது கல் நடுவதற்கு முன்பே கட்டியது, உள்ளே தள்ளிக் கட்டியது, அதன் சுவரில் ஒரு விரிசலும் இல்லை.

மகள், தன் பெண்ணோடு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். துணி தேய்க்கிற வேலை. அப்பாவைக் கூடவே வைத்துக்கொண்டாள். வேளைக்குத் தட்டு வைப்பாள், மாத்திரை கொடுப்பாள், துணி மாற்றிவிடுவாள். அப்பா என்று மட்டும் கூப்பிட மாட்டாள். "சாப்பாடு வெச்சிருக்கு" என்பாள். "தண்ணி சுட்டிருக்கு" என்பாள். யாரிடம் சொல்கிறாள் என்று சொல்லாமல் சொல்வாள். வீட்டுக்காரர் தன் மகனுக்கு அறை வேண்டும் என்று அவர்களை எழுப்பினார். அடுத்து ஒரு மாவு மில்லை ஒட்டிய அறை. அங்கேயும் எழுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் அவர் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். முதல் நாள் அவள் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தாரே, அதே பெட்டி.

மூன்றாவது அறையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் பார்க்கப் போனபோது, கண்ணை எதிர்ச் சுவரிலேயே வைத்திருந்தார். மூலையிலிருந்து ஒரு விரிசல் இறங்கியது. பேச்சு சரியாக வரவில்லை. கையை மட்டும் தூக்கித் தூக்கிச் சட்டை மாட்டியிருந்த ஆணியைக் காட்டினார்.

"என்ன வேணுமாம் மாமா?" என்று மகள் என்னிடம் கேட்டாள்.

எனக்குப் புரிந்தது. சட்டைப் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் ஸ்டூலில் ஏறி, சுவரின் மேல்விளிம்பில் நூலைப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டாள். அது ஆடி ஆடி நின்றது. மச்சான் தலையைத் தூக்க முயன்றார், முடியவில்லை. மகளைப் பார்த்தார்.

அவள் நூலையும் சுவரையும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நேரா இருக்குப்பா" என்றாள்.

அவர் தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டார். நான் நின்றிருந்த இடத்திலிருந்து எனக்கும் தெரிந்தது. சுவர் இரண்டு விரற்கடை சாய்ந்திருந்தது. அவள் நூலைச் சுற்றிக் குண்டை அவருடைய உள்ளங்கையில் வைத்து மூடினாள்.